செவுளைத் தூக்கிப் பார்த்தும் கோட்டைவிட்ட 24 நாட்கள்

யாழ்ப்பாணத்துப் பாசையூர் மீன் சந்தையில் என் அம்மா செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனும் வாங்கியதில்லை. பெருவிரலால் மூடியை நெம்புவார். உள்ளே இரத்தச் சிவப்பு இருந்தால் மீன் கூடைக்குள் போகும். மங்கிப் பழுப்பேறியிருந்தால் விலைகூடக் கேட்காமல் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடுவார். பல ஆண்டுகள் கழித்து, நோர்வேயில் பேர்கன் நகருக்குத் தெற்கே ஒரு சால்மன் பண்ணையின் மிதவை மேடையில் நின்றபடி நானும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தேன். என் கையில் இருந்தவை உயிருள்ள மீன்கள். அம்மா தேடியது சிவப்பு, நான் தேடியது வெள்ளை.

2014 செப்டம்பர், இரண்டாம் வாரம். நான்காம் கூண்டிலிருந்து 20 மீன் எடுத்துப் பார்த்ததில் மூன்றின் செவுளில், அமீபா என்ற நுண்ணுயிரால் வரும் நோயின் அடையாளமான வெண்புள்ளி தெரிந்தது. நோயின் அளவாக மூன்றுக்கும் '1' என்று எழுதினேன். அந்த நாளுக்கும் சிகிச்சைக் கப்பல் வந்து சேர்ந்த நாளுக்கும் இடையில் 24 நாட்கள் ஓடிவிட்டன. இந்தத் தொழிலுக்குள் வரும் நம் பிள்ளைகள் சிலர், எதைக் கவனிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்பதுண்டு. எங்கள் பண்ணை அந்த நாட்களை எப்படி இழந்தது என்பதைச் சொல்வதைவிடப் பயனுள்ள பதில் என்னிடம் இல்லை.

ஈழத்தமிழர் பலரைப்போல நானும் முதலில் வடக்கே, ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலையில் கத்தியோடு நின்றவன். பிறகு தெற்கே வந்து மீன்வளர்ப்பில் தொழிற்சான்றிதழ் பெற்றேன். படித்த பாடத்தில், மீனின் தோலில் ஒட்டி வாழும் கடல் பேனுக்குத்தான் பக்கங்கள் அதிகம். நோர்வே முழுவதும் சால்மன் பண்ணைகளின் கவலை பேன்தான். ஒரு மீனுக்குச் சராசரியாக 0.5 வளர்ந்த பெண் பேன் என்பது ஆண்டின் பெரும்பகுதிக்குச் சட்டம் வைத்த எல்லை. கடல்நீரின் வெப்பம் 4 பாகை செல்சியஸுக்குக் குறையாதவரை வாரந்தோறும் எண்ணி அரசுக்கு அனுப்ப வேண்டும். பேனைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் தொடலாம். அமீபாவை அப்படிப் பிடிக்க முடியாது. அது விட்டுச்செல்லும் அடையாளத்தைத்தான் பார்க்க முடியும்.

நான்காம் கூண்டில் நான் கண்ட நோய்க்கு அமீபா செவுள் நோய் என்று பெயர். 1980களின் நடுவில் ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில், கடலில் சால்மன் வளர்க்கத் தொடங்கிய சூட்டோடு இது தலைகாட்டியது. சால்மனை மட்டுமன்றி வானவில் ட்ரவுட் மீனையும் அங்கே பிடித்தது. எந்த அமீபா காரணம் என்பதில் இருபது ஆண்டுகள் தவறான ஓர் இனத்தையே சந்தேகித்தார்கள். 2007இல்தான் 'நியோபராமீபா பெருரான்ஸ்' என்று புதிய இனமாக அடையாளம் கண்டார்கள். நோய்க்குக் காரணம் அதுவே என்று சோதனையில் உறுதிப்பட்டது 2012இல். நோர்வேயில் முதலில் 2006இல் தென்பட்டது, பிறகு சில ஆண்டுகள் காணவில்லை. 2012இல் திரும்பி வந்து மேற்குக் கரை முழுவதும் பரவியது. அதற்குச் சற்று முன்னர்தான் ஸ்காட்லாந்தில் பெரிய அளவில் வந்திருந்தது.

இந்த அமீபாவைப் பற்றி எனக்கு இன்றும் வியப்பான ஒரு செய்தி உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் அதன் உட்கருவை ஒட்டி வேறொரு நுண்ணுயிர் குடியிருக்கிறது. ஒட்டுண்ணிக்குள்ளேயே ஒரு குடித்தனம்! ஆனால் பண்ணைக்காரனுக்கு அதைவிட முக்கியமானது வேறொன்று. இந்த அமீபா உயிர்வாழ மீன் வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கடல்நீரில் தானாக வாழும், செவுள் கிடைத்தால் ஏறிக்கொள்ளும். ஆகவே ஒரு பகுதியிலிருந்து இதை அடியோடு துரத்திவிடலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். மீனைக் குணப்படுத்தலாம், கடலைக் குணப்படுத்த முடியாது.

செவுளில் அது செய்வது என்ன? மீனின் செவுள் இழைகளில் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மீன் மூச்சு வாங்குவது அவற்றின் வழியாகத்தான். அமீபா வந்து ஒட்டியதும் மீனின் உடல் தற்காப்புக்காக அங்கே தோல் செல்களைப் பெருக்குகிறது, சளியைச் சுரக்கிறது. தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டித் தடிக்கின்றன. வெள்ளையாகத் தெரிவது அந்தத் தடிப்பும் சளியும்தான். வெள்ளை பரவப் பரவ மூச்சுக்கான பரப்பு சுருங்குகிறது. தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீனுக்கு எட்டாது.

இதை அளக்க 0 முதல் 5 வரை ஓர் அளவுகோல் இருக்கிறது. சுத்தமான செவுளுக்கு 0, ஒற்றைப் புள்ளிக்கு 1, இரண்டு மூன்று புள்ளிகளோ சிறு சளித்திட்டோ இருந்தால் 2. செவுளின் ஐந்தில் ஒரு பங்குவரை திட்டுப் பரவியிருந்தால் 3, பாதிவரை போனால் 4, பெரும்பகுதியும் மூடியிருந்தால் 5. கேட்க எளிமையாக இருக்கும். மிதவை மேடையில், கையுறைக்குள் விரல் விறைக்க, மயக்கமருந்துத் தொட்டியில் மீன் காத்திருக்க, மேலே மழை கொட்ட, '1' எது '2' எது என்று சொல்வது எளிதில்லை.

முதல் வாரம் 20 மீனில் மூன்று '1'. இரண்டாம் வாரம் 20 மீனில் பதினொன்று சுத்தம், ஐந்து '1', இரண்டு '2', இரண்டு '3'. சராசரி 0.75. பண்ணை மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு, "சராசரி ஒன்றைக்கூடத் தொடவில்லையே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்வோம்" என்றார். நானும் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்புக்காக நான் இன்றும் வருந்துகிறேன். ஏழு நாளுக்கு முன் ஒற்றைப் புள்ளிக்கு மேல் எதுவும் இல்லாத கூண்டில், இப்போது இரண்டு மீன் '3'இல் நிற்கின்றன. அந்த இரண்டைத்தான் பார்த்திருக்க வேண்டும். சராசரி என்பது நோயில்லாத மீன்களைக் கொண்டு நோயுள்ள மீன்களை மறைத்துவிடுகிறது. இப்போது என் பதிவேட்டில் சராசரிக்கு முன்னால் மூன்று எண்கள் இருக்கும்: எத்தனை '2', எத்தனை '3', அதற்கு மேல் எத்தனை.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருந்தது. அதை நான் கண்டுபிடிக்கவில்லை, எங்களிடம் வந்த மீன்நலவியலாளர்தான் கண்டார். நோர்வேயில் கால்நடை மருத்துவர்களைப்போல மீனுக்கென்றே படித்து, மருந்து எழுதும் உரிமையும் பெற்றவர்கள் இவர்கள். பதின்மூன்றாம் நாள் அவர் வந்தார். நாங்கள் மீன் பிடிக்கும் விதத்தை ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடித் தீவனத்தை வீசுவோம், மேலே வரும் மீனைக் கோருவலையால் அள்ளுவோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நோயாளி சாப்பிட வருவானா?"

எனக்குள் ஏதோ இடிந்து விழுந்தது. பசியோடு மேலே வருபவை நல்ல மீன்கள். செவுள் அடைத்த மீனுக்கு முதலில் போவது பசிதான். இரண்டு வாரமாக நாங்கள் நல்ல மீன்களாகவே தேர்ந்தெடுத்துப் பார்த்திருக்கிறோம்! அன்று பெரிய வலையை ஆழத்தில் இறக்கிக் கூண்டின் நடுவிலிருந்து 20 மீன் எடுத்தோம். பாதிக்கு மேல் '3' அல்லது அதற்கு மேல். ஒன்று '5'. அந்த மீனின் செவுளில் சிவப்பைத் தேட வேண்டியிருந்தது. செவுளைத் துடைத்தெடுத்த மாதிரிகளை பிசிஆர் சோதனைக்கும், திசுத் துண்டுகளை நுண்ணோக்கிச் சோதனைக்கும் அனுப்பினார். கண்ணால் பார்த்ததே போதாதா என்று கேட்டேன். போதாது. இழுதுமீன் (ஜெல்லிமீன்) சுட்டாலும், பாசி பெருகினாலும், வேறு கிருமிகளாலும் செவுள் வெளுக்கும். அமீபாவுக்கான சிகிச்சையை வேறு நோயுள்ள செவுளுக்குக் கொடுத்தால் மீனுக்கு இன்னொரு அடி.

அவர் வருவதற்கு முன்பே மீன்கள் எங்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. பத்தாம் நாளளவில் தீவனக் கமெராவில் உருண்டைகள் தின்னப்படாமல் கீழே போவது தெரிந்தது. வானிலை மாறியதால் என்று எண்ணினோம். சில மீன்கள் கூட்டத்தைவிட்டு விலகி, மேற்பரப்பின் ஓரமாக, நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து அசையாமல் நின்றன. செவுள்மூடிகள் வேகவேகமாக அடித்தன. செத்த மீன்களின் எண்ணிக்கை மட்டும் அப்போதும் வழக்கம்போலத்தான் இருந்தது. அதுதான் எங்களைத் தூங்கவைத்தது. சாவை வைத்து இந்த நோயை அளப்பவன் எப்போதும் பிந்தியே வருவான். தீவனம் முதலில் சொல்லும், நீந்தும் விதம் அடுத்துச் சொல்லும், சாவு கடைசியில்தான் சொல்லும்.

எங்கள் கையாலேயே செய்த இரண்டு கேடுகளையும் அவர் சுட்டிக்காட்டினார். எட்டாம் நாள் கூண்டு வலைகளை உயரழுத்த நீரால் கழுவியிருந்தோம். அது வழக்கமான வேலை. ஆனால் வலையில் வளர்ந்திருக்கும் பாசியோடு, கொட்டும் தன்மையுள்ள நுண்ணிய உயிரிகளும் துண்டுதுண்டாகப் பறந்து மீனின் செவுளுக்குள்தான் போகும். செவுள் கெட்டிருக்கும்போது வலை கழுவுவது புண்ணில் மணலைத் தேய்ப்பதற்குச் சமம். மற்றொன்று 'பாவாடை'. கடல் பேன் உள்ளே வராதபடி கூண்டின் மேற்பகுதியைச் சுற்றிக் கட்டும் துணியை நோர்வேக்காரர் அப்படித்தான் அழைக்கிறார்கள். பேனைத் தடுக்கிறது, உண்மை. நீரோட்டத்தையும் சேர்த்துத் தடுக்கிறது. உள்ளே ஆக்சிஜன் குறைகிறது. நல்ல செவுள் அதைத் தாங்கும், பாதி அடைத்த செவுள் தாங்காது. அன்றே கழற்றினோம். பேன் கூடும் என்று தெரிந்தேதான் கழற்றினோம். பேனால் இந்த வாரம் சாகாது, மூச்சில்லாமல் நாளைக்கே சாகும்.

சிகிச்சை இரண்டு வகை. ஒன்று ஐதரசன் பெரொக்சைட்டுக் குளியல், விரைவில் முடிந்துவிடும். ஆனால் தண்ணீர் சூடாக இருந்தால் அது மீனையே கொல்லும், அமீபாவைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடையிலான இடைவெளி அவ்வளவு குறுகியது. 2014 நோர்வேயில் வெப்பம் மிகுந்திருந்த ஆண்டு. எங்கள் கூண்டில் அப்போது 14 பாகை. அந்த வழி அடைபட்டது. மற்றது நன்னீர். தாஸ்மானியாவில் தொடக்க காலத்திலேயே கண்டறிந்து இன்றுவரை பின்பற்றும் முறை. கடல் அமீபா உப்பில்லாத நீரில் தாக்குப்பிடிக்காது, சால்மனோ ஆற்றில் பிறந்த மீன். இரண்டு முதல் நான்கு மணி நேரம் நன்னீரில் விட்டால் அமீபா உதிர்ந்து சாகிறது, மீன் பிழைத்துக்கொள்கிறது. மருந்தே இல்லாத மருந்து என்று எனக்கு இதன்மேல் ஒரு பற்று உண்டு.

ஆனால் ஒரு கூண்டு மீனைக் குளிப்பாட்டும் அளவுக்கு நன்னீரை யார் கொண்டுவருவது? மீனை உயிரோடு ஏற்றும் பெரிய தொட்டிகள் கொண்ட 'ப்ரொன்போட்' கப்பல்கள்தான். கிணற்றுப் படகு என்று பொருள். அந்த இலையுதிர்காலத்தில் கரை முழுவதும் எல்லோருக்கும் அதே கப்பல் வேண்டியிருந்தது. பதின்மூன்றாம் நாள் கேட்டோம், இருபத்துநான்காம் நாள் கிடைத்தது. இடைப்பட்ட பதினொரு நாட்களில் ஒவ்வொரு காலையும் கூண்டின் அடியிலிருந்து செத்த மீன்களை உறிஞ்சி மேலே எடுப்பது என் வேலை. முதலில் முப்பது நாற்பது. பிறகு இருநூறு. ஒரு காலை எண்ணுவதை விட்டுவிட்டு எடைபோட்டுப் பார்த்தோம். இரண்டு கிலோவுக்கு மேல் வளர்ந்த மீன்கள், நான் விரல் நீளத்திலிருந்து பார்த்தவை. அவற்றை அரைத்து அமிலத் தொட்டிக்கு அனுப்பும்போது ஒருநாள் என்னால் இயந்திரத்தின் பொத்தானை அழுத்த முடியவில்லை, பக்கத்தில் நின்றவர்தான் அழுத்தினார்.

செத்த மீனை எடுக்கும் வேலையைச் சலிப்போடு செய்யக்கூடாது என்பதையும் அப்போதுதான் படித்தேன். மீன் செத்தாலும் செவுளிலுள்ள அமீபா உடனே சாவதில்லை, ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அடியில் கிடக்கும் ஒவ்வொரு பிணமும் கூண்டுக்குள் இருக்கும் விதை மூட்டை.

கப்பல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே தீவனத்தை நிறுத்தினோம். வயிறு காலியான மீனுக்கு ஆக்சிஜன் தேவை குறைவு, தண்ணீரும் அழுக்காகாது. இதற்குப் பின்தான் மிகக் கடினமான கட்டம்: மீனை நெருக்குவது. வலையை மெல்ல மெல்லச் சுருக்கிக் குழாய் வாயருகே கொண்டுவர வேண்டும். கப்பலின் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆகவே எல்லோருக்கும் அவசரம். முதல் சுற்றில் நாங்கள் வேகமாக நெருக்கினோம். ஆக்சிஜன் மானி விழுந்தது. மூச்சுக்கு ஏற்கெனவே திணறிய மீன்கள் பக்கவாட்டில் சரிந்து வெள்ளி வயிற்றைக் காட்டின. நான்காம் கூண்டில் அமீபா கொன்ற மீன்களோடு, எங்கள் அவசரம் கொன்ற மீன்களும் உண்டு. இரண்டாம் சுற்றிலிருந்து பாதி அளவு மீனை மட்டும் நெருக்கினோம், ஆக்சிஜனைக் குழாய் வழியே விட்டோம், மானியைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்தினோம். அவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது, வலை இழுக்கக்கூட அழைக்கக்கூடாது.

நன்னீரைப் பற்றியும் ஒரு சொல். நோர்வேயின் ஆற்று நீர் பல இடங்களில் அமிலத்தன்மை கொண்டது, அலுமினியம் கலந்தது. அப்படிப்பட்ட நீர் உப்புநீரோடு சிறிதளவு கலக்கும்போது அந்த அலுமினியம் செவுளுக்கு நஞ்சாகிவிடும். நன்னீர் என்ற பெயரே போதும் என்று எடுத்துவிடக்கூடாது, எங்கிருந்து எடுத்தது, அமில அளவு என்ன, அலுமினியம் எவ்வளவு என்ற தாளைக் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் கப்பல் ஒரு நீர்மின் நிலையத்தின் வெளிவாயில் அருகே நீர் நிரப்பியது. சோதனைத் தாள் கையில் இருந்தது. அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தோம்.

ஆறு கூண்டுகளையும் குளிப்பாட்ட ஐந்து நாட்கள் ஆயின. நோய் தெரிந்த நான்காம் கூண்டை மட்டும் செய்தால் போதாதா, செலவு மிச்சமே என்று ஒரு பேச்சு எழுந்தது. பக்கத்துக் கூண்டுகளில் அமீபாவை விட்டுவைத்தால் குளித்து வந்த மீனுக்கு அது அடுத்த வாரமே திரும்பும் என்று மீன்நலவியலாளர் விடாப்பிடியாக நின்றார். நல்லவேளை, அவர் சொன்னபடியே ஆறையும் குளிப்பாட்டினோம்.

குளித்த மறுநாள் நான் ஆவலோடு செவுளைப் பார்த்தேன். தடிப்பு அப்படியே இருந்தது. மனம் உடைந்தது. சளியும் அமீபாவும் போயிருந்தாலும் தடித்த திசு ஆற வாரங்கள் ஆகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தீவனம்தான் முதலில் நல்ல செய்தி சொன்னது. ஐந்தாம் நாள் கமெராவில் உருண்டைகளைத் துரத்தும் மீன்களைப் பார்த்தோம்.

நோயும் திரும்பி வந்தது. திரும்பும் என்று சொல்லியிருந்தார்கள். தாஸ்மானியாவில் ஒரு வளர்ப்புச் சுற்றுக்குள் பலமுறை குளிப்பாட்டுகிறார்கள். அத்தோடு நோயை ஓரளவு தாங்கும் மீன்களைத் தேர்ந்து இனப்பெருக்கமும் செய்கிறார்கள். எங்களுக்குக் குளியலுக்குப் பின் ஐந்தாம் வாரத்தில் மீண்டும் வெண்புள்ளி. இம்முறை பெரிய வலை, ஆழத்திலிருந்து எடுத்த மீன், இருபக்கமும் சேர்த்து எட்டு செவுள் வளைவுகள், முன்னும் பின்னுமாக 16 பரப்புகள், ஒன்றையும் விடாமல் பார்த்தோம். தலைவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளை மறைந்துபோகும், ஆகவே பகல் வெளிச்சத்தில்தான் பார்த்தோம். '2' என்ற எண் முதலில் எழுதப்பட்ட அன்றே கப்பலைக் கேட்டோம். இரண்டாம் குளியலில் செத்த மீன்கள் மிகச் சிலவே. குளிர்காலம் வந்து தண்ணீர் 7 பாகைக்கு இறங்கியதும் நோய் அடங்கியது.

அந்த ஆண்டு ஃபியோர்டின் (நிலத்துக்குள் நீண்டு செல்லும் கடற்கழியின்) உட்புறத்தில் வானவில் ட்ரவுட் வளர்த்த அயல் பண்ணைக்கு இந்தத் துன்பம் வரவில்லை. ட்ரவுட்டுக்கு இந்த நோய் வராது என்று சிலர் அதைக் காட்டிப் பேசினார்கள். அது தவறு. அங்கே ஆற்றுநீர் மேலே மிதந்து, உப்புக் குறைந்த ஒரு படலமாக நின்றது. மீன்கள் அவ்வப்போது அதற்குள் வந்து தாங்களே குளித்துக்கொண்டன. தாஸ்மானியாவின் மக்வாரி துறைமுகத்திலும் இதே காரணத்தால் இந்த நோயின் தொல்லை இல்லை. மழை குறைந்து அந்தப் படலம் மெலிந்தால் ட்ரவுட்டும் தப்பாது.

ஊரிலிருந்து தொலைபேசியில் அம்மா கேட்டது வேறு கேள்வி. "அந்த மீனைத் தின்றால் மனிதருக்கு ஏதும் வருமா?" வராது. இந்த அமீபா மனிதரைத் தொற்றுவதில்லை. வருத்தப்பட வேண்டியது மீனுக்காகத்தான் என்றேன். "பாவம், மூச்சு முட்டிச் சாவது பெரிய கொடுமை" என்றார். எந்தப் பாடப்புத்தகமும் இந்த நோயை எனக்கு இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

இப்போது வேறொரு பண்ணையில் இருக்கிறேன். பயிற்சிக்கு ஒரு தமிழ்ப் பையன் வந்திருக்கிறான். போன செவ்வாய்க்கிழமை பேன் எண்ணி முடித்ததும் அதே மீன்களின் செவுளைப் பார்க்கச் சொன்னேன். பதினான்காம் மீனில் நின்றான். "மாமா, இது ஒன்றா இரண்டா தெரியவில்லை" என்றான். நான் போய்ப் பார்த்தேன். மூன்றாம் வளைவின் பின்பக்கத்தில் இரண்டு புள்ளிகள், அருகே அரிசி மணியளவு சளி. எனக்கும் சிறிது தயக்கமாகத்தான் இருந்தது. "இரண்டு என்று எழுது" என்றேன். அவன் எழுதிக்கொண்டிருக்கும்போதே மீன்நலவியலாளருக்கு அழைத்துவிட்டேன்.